மிதிவண்டி ஆர்வலருக்கு என்ன பரிசளிக்கலாம்?

தென்மேற்குப் பருவமழை விடைபெற்ற பிறகு வரும் நான்கைந்து மாதங்கள், நாட்டின் பெரும்பகுதியில் மிதிவண்டிக்கு ஏற்ற காலம். புனேயைச் சுற்றியுள்ள மலைச்சாலைகளிலும், பெங்களூருவிலிருந்து நந்தி மலைக்குச் செல்லும் வழியிலும், விடியுமுன்பே மிதிவண்டிகள் வரிசையாகப் போவதைக் காணலாம். தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் எனப் பரிசு வாங்கும் நாட்களும் இதே மாதங்களில்தான் வருகின்றன. ஆகவே வீட்டில் ஒரு மிதிவண்டி ஆர்வலர் இருந்தால், அவருக்கு உரிய பரிசு எது என்ற கேள்வியும் எழுகிறது. அவரோ தம் வண்டியின் ஒவ்வொரு திருகையும் அறிந்தவர். வாங்கச் செல்லும் நாமோ, பெரும்பாலும், பள்ளிப் பருவத்தோடு மிதிவண்டியை மறந்தவர்கள்.

முதலில், எதை வாங்கக் கூடாது என்று தெரிந்துகொள்வது நல்லது. உடம்போடு நேரடியாகத் தொடர்புடைய மூன்று பொருள்களை ஊகித்து வாங்க வேண்டாம்: இருக்கை, மிதி, காலணி. இருக்கையின் அகலம் ஒருவருடைய இடுப்பு எலும்பின் அமைப்பைப் பொறுத்தது. பஞ்சுபோல் மென்மையாக இருப்பதெல்லாம் நல்ல இருக்கை அன்று. நெடுந்தொலைவு ஓட்டுவோர் பலர், பார்ப்பதற்குக் கல்போல் தோன்றும் இருக்கையையே விரும்புகின்றனர். காலணியின் அடியில் மிதியோடு பூட்டிக்கொள்ளும் தகட்டில் இரண்டு திருகு வகையும் உண்டு, மூன்று திருகு வகையும் உண்டு. ஒன்றுக்கு உரிய காலணி மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆயிரக்கணக்கில் செலவிட்டு வாங்கிய பரிசு பரணுக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் இந்த மூன்றினால்தான்.

தேய்ந்து தீரும் பொருள்களோ எப்போதும் வரவேற்கப்படும். டியூப், பஞ்சர் ஒட்டும் பெட்டி, சட்டைப் பையில் அடங்கும் பம்பு, பல திருகுச்சாவிகள் ஒன்றாக மடங்கிய கருவி ஆகியவற்றுள் எதை வாங்கினாலும் வீணாகாது. ஆனால் டியூப் வாங்குமுன் அவருடைய டயரின் பக்கவாட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே 28-622 என்பது போன்ற எண் அச்சாகியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது, டயர் சக்கர வளையத்தில் பொருந்தும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அப்படியே வால்வையும் கவனியுங்கள். மோட்டார் வண்டியில் இருப்பது போன்ற தடித்த வால்வா, நுனியில் சிறு திருகு கொண்ட மெல்லிய பிரெஸ்டா வால்வா என்பது தெரிந்தால் போதும். இரண்டையும் கைபேசியில் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டிவிடலாம். பரிசு இரகசியமாகவே இருக்கும்.

சங்கிலியின் தேய்மானத்தை அளக்கும் சிறு தகடு ஒன்று கடைகளில் கிடைக்கிறது. விலை சில நூறு ரூபாய்தான். பலரிடம் இது இருப்பதில்லை. சங்கிலி ஓட ஓட அதன் இணைப்புகள் தேய்ந்து நீளும். முக்கால் விழுக்காடு அளவுக்கு நீண்டுவிட்டால் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பதினொன்று, பன்னிரண்டு பல்சக்கரங்கள் கொண்ட வண்டிகளில் அரை விழுக்காட்டிலேயே மாற்றுவார்கள். தவறவிட்டால், நீண்ட சங்கிலி பின்புறப் பல்சக்கரத் தொகுதியையும் அரித்துவிடும். அதன் விலை சங்கிலியைவிடப் பன்மடங்கு. உரிய நாளில் கட்டாத சிறு தவணை பெருந்தொகையாக வளர்வதைப் போன்றதுதான் இது.

எனினும், ஒரே ஒரு பொருளைத்தான் வாங்க முடியும் என்றால், நாம் பரிந்துரைப்பது விளக்கையே. நம் ஊர்களில் மிதிவண்டி ஓட்டுவோர் வெயிலையும் நெரிசலையும் தவிர்க்க இருட்டிலேயே புறப்படுகின்றனர். டிசம்பர், சனவரி மாதங்களில் டெல்லியிலும் கங்கைச் சமவெளியிலும் பனிமூட்டம் சாலையை விழுங்கிவிடும். பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு மிதிவண்டி தெரிவதும் தெரியாமல் போவதும் ஒரு சிவப்பு விளக்கைப் பொறுத்தது. நெடுந்தொலைவுப் பயணங்களை நடத்தும் ஆடாக்ஸ் இந்தியா அமைப்பு, இரவில் ஓட்டுவோருக்கு முன்விளக்கு, பின்விளக்கு, ஒளியைத் திருப்பியனுப்பும் மேலாடை ஆகியவற்றைக் கட்டாயமாக்கியிருப்பது இதனால்தான். அப்பயணங்களில் 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். பின்னதில் ஓர் இரவேனும் சாலையில் கழியும். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரான்சில் நடைபெறும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்துக்கு நம் நாட்டிலிருந்து செல்வோரும் இத்தகைய பயணங்களில் தேறியே தகுதி பெறுகின்றனர்.

விளக்கு வாங்கும்போது ஒளியின் அளவை மட்டும் பார்க்காமல், ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை மணி நேரம் எரியும் என்று கேளுங்கள். மழை தாங்குமா என்பதற்கு ஐபிஎக்ஸ்4 அல்லது அதற்கு மேற்பட்ட குறியீடு சான்று. முன்விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாமல் சாலையில் விழ வேண்டும்.

தலைக்கவசமும் நல்ல பரிசே. ஆனால் அளவு தெரிய வேண்டும். புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி நாடா வைத்து அளந்தால் சென்டிமீட்டரில் கிடைப்பதே அளவு. மிதிவண்டித் தலைக்கவசத்தில் ஐரோப்பியத் தரமான இஎன் 1078 அல்லது அமெரிக்கத் தரமான சிபிஎஸ்சி முத்திரை உள்ளதா என்று பாருங்கள். பலமாக ஒருமுறை அடிபட்ட கவசத்தை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். உள்ளிருக்கும் நுரைப்பொருள் ஒரே மோதலுக்காகச் செய்யப்பட்டது. சென்ற ஆண்டு கீழே விழுந்தவர் இன்னும் அதே கவசத்தை அணிந்துகொண்டிருந்தால், உங்கள் பரிசு எதுவென்று முடிவாகிவிட்டது.

ஆர்வலர் என்றதும் இலட்ச ரூபாய் வண்டி வைத்திருப்பவரையே நினைக்கிறோம். அதிகாலையில் பால் கொண்டுவருபவரும், இரவுப் பணி முடிந்து செல்லும் காவலாளியும் அவரைவிட அதிக நாட்கள் இருட்டில் மிதிக்கிறார்கள். பண்டிகை இனாமோடு ஒரு பின்விளக்கையும் அவர்களுக்குச் சேர்த்துக் கொடுக்கலாம்.

இனி, செலவு. 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிகளுக்கும் அவற்றின் உதிரி பாகங்களுக்கும் சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பில்லில் அது சரியாகக் கணக்கிடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். எதை வாங்குவதென்று கடைசிவரை முடிவுக்கு வர முடியவில்லையென்றால் வங்கியின் பரிசு அட்டை இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஓர் அட்டையில் அதிகபட்சம் 10,000 ரூபாய் இருக்கலாம். மீண்டும் பணம் நிரப்பவோ, ரொக்கமாக எடுக்கவோ முடியாது. இருக்கையையும் காலணியையும் அவரே உட்கார்ந்து பார்த்து, போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ள இதுவே தக்க வழி. பொருளாகக் கொடுப்பதானால், பில்லையும் உத்தரவாத அட்டையையும் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுங்கள். அளவு மாறினால் கடைக்குப் போகப்போகிறவர் அவர்தான்.