தாய் தந்த பாட்டு

நாட்டுப் பாடல்கள் வாய்வழியே வாழ்வன. பாடுவார் இலராயின் அவை மறைந்தொழியும். அமெரிக்க நாட்டில் ரூத் கிராஃபோர்டு சீகர் என்னும் இசைப்புலமை மிக்க அம்மையார், நாட்டுப்புற மக்கள் பாடிப் பதிவான பாடல்களைப் பன்முறை கேட்டு, அவற்றின் மெட்டுகளை இசைக்குறியில் வரைந்தார். கிறிஸ்துமஸ் திருநாளுக்குரிய பாடல்களையும் தொகுத்து 1953-ஆம் ஆண்டில் நூலாக்கினார். அவ்வாண்டு நவம்பர்த் திங்களிலேயே நோயால் உயிர் நீத்தார். அவருடைய இளைய மகள் பென்னி அப்பொழுது சிறுமி. நூல் எஞ்சியது, பாடிய தாயின் குரல் அடங்கியது.

மக்கள் அதனை மறந்திலர். 1989-இல் மைக், பெக்கி, பென்னி என்னும் உடன்பிறந்தார் மூவரும் ஒருங்கு கூடி, அன்னை தொகுத்த அப்பாடல்களைப் பாடிப் பதிவுசெய்தனர். 1993-இல் பென்னியும், 2009-இல் மைக்கும் மறைந்தனர். எனினும், மூவரும் இணைந்து பாடிய குரல் இன்றும் ஒலிக்கின்றது.

ஏடு பாட்டின் உடலைக் காக்கும். பாடுவோர் குரலே அதற்கு உயிரளிக்கும். ஆதலின் மாணவர்களே, உங்கள் வீட்டு முதியோர் அறிந்த பாடல்களை அவர்கள் பாடக் கேட்டு, அவர்களோடு கூடிப் பாடுங்கள். காலம் காத்திராது.