பிள்ளையின் கை குளிர்ந்தால் காத்திருக்க வேண்டாம்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிப் படிக்கட்டில் ஆறு வயதுப் பையன் ஒருவன் வழுக்கி விழுந்தான். முழங்கை வீங்கிவிட்டது. கொட்டாஞ்சேனையில் எண்ணெய்க் கட்டுப் போடுகிற ஒருவரிடம் கொண்டுபோகலாம் என்றார்கள். அம்மம்மா மட்டும் அவனுடைய விரல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கை குளிருது தம்பி, ஆசுப்பத்திரிக்கே போவம்" என்றார். முல்லைத்தீவுக்காரர். 2009இல் அவருடைய மகனின் காலும் இப்படித்தான் முதலில் குளிர்ந்ததாம்.

அவர் கணித்தது சரி. முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும்போது, அதன் நுனி முன்னால் ஓடும் நாடியை நசுக்கலாம், கிழிக்கவும் செய்யலாம். வெளியே ஒரு சொட்டு இரத்தமும் தெரியாது. விரல்கள் வெளிறும், குளிரும், விறைக்கும். விரலை நிமிர்த்தினால் பிள்ளை அலறும். அந்த நேரத்தில் இறுக்கமான கட்டுப் போட்டால், வீங்கும் தசை உள்ளேயே செத்துப்போய் கை நிரந்தரமாக மடங்கிவிடக்கூடும். இரத்தம் போகாத தசைக்கு ஏறத்தாழ ஆறு மணித்தியாலம்தான் அவகாசம்.

இரண்டாம் உலகப் போரில் அறுந்த நாடியைப் பெரும்பாலும் கட்டிவிட்டார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் அந்த அவயவத்தை இழந்தார்கள். கொரியப் போரில் நாடியைத் தைத்து இணைக்கத் தொடங்கியபோது அது 13 சதவீதமளவுக்கு இறங்கியது. காயப்பட்டவர்களை ஹெலியில் வேகமாக ஏற்றிச் சென்றதும் அதற்கு ஒரு காரணம். புதுமாத்தளனில் இருந்தவர்களோ திருகோணமலைக்குப் போக செஞ்சிலுவைக் கப்பலைக் காத்திருந்தார்கள். ஆறு மணித்தியாலக் கணக்கு அங்கே எப்படிச் சரிவரும்?

பிள்ளைகளின் நாடி மெல்லியது, தொட்டாலே சுருங்கும். கிழிந்திருந்தால் சத்திரசிகிச்சை நிபுணர் உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து, தனித்தனித் தையலாகப் போடுவார். தொடர்தையல் போட்டால் பிள்ளை வளர நாடி விரியாது. இடைவெளி பெரிதென்றால் காலிலிருந்து ஒரு நாளத்தை எடுத்துப் பொருத்துவார்கள். அவயவம் நீளத்தில் பின்தங்குகிறதா என்று வளர்ந்து முடியும்வரை கிளினிக்கில் பார்க்கவேண்டும்.

வெட்டுக்காயமென்றால் இன்னும் அவசரம். பத்துக் கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்தமே 800 மில்லிலீற்றர் அளவு இரத்தம்தான். ஒரு தேநீர்க் கோப்பை அளவு போனால் கால்வாசி போய்விட்டது. சுத்தமான துணியால் அழுத்துங்கள், எட்டிப் பார்க்கக் கையை எடுக்காதீர்கள். குத்தியிருக்கும் கண்ணாடியைப் பிடுங்கக்கூடாது. கோப்பித்தூள் வேண்டவே வேண்டாம். அழுத்தியும் பீறிட்டால் மட்டும் காயத்துக்கு மேலே அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

எங்கள் பையனுக்கு எலும்பை நேராக்கியதுமே நாடித்துடிப்புத் திரும்பியது. வீட்டுக்கு வந்த இரவு முழுக்க, மாக்கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை மணிக்கொருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் அம்மம்மா.