நானூறு ஆண்டு காத்திருந்த தோழன்

1995-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானில் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட ‘க்ரோனோ ட்ரிகர்’ என்னும் வீடியோ கேமை, பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள், கதை சொல்லும் கலையில் ஓர் அபூர்வ சிருஷ்டியை அறியாமலே இருந்துவிடுகிறார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம்.

‘ஃபைனல் ஃபேன்டஸி’யைப் படைத்த ஹிரோனோபு சகாகுச்சி, ‘டிராகன் குவெஸ்ட்’டைப் படைத்த யூஜி ஹோரி, ‘டிராகன் பால்’ சித்திரக்கதையால் உலகப் பிரசித்தி பெற்ற அகிரா தொரியாமா ஆகிய மூவரும் கைகோத்த அந்த ஆட்டம், சூப்பர் ஃபாமிகாம் இயந்திரத்தில் செருகும் ஒரு சிறு கேசட்டில், இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்துக்கு ஏறக்குறைய ஆகிற நான்கு மெகாபைட் இடத்துக்குள், டைனோசர் காலம் முதல் கி.பி. 2300 வரையிலான யுகங்களையும் யசுனோரி மிட்சுடாவின் மனமுருக்கும் சங்கீதத்தையும் அடக்கிக்கொண்டது. 1999-இல் பூமியைப் பிளந்து வெளிப்பட்டு உலகை நாசமாக்கப் போகும் லாவோஸ் என்ற ராட்சதப் பிராணியைத் தடுக்க, இளைஞர் சிலர் காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்வதே கதை.

தொடக்கத்தில் ஒரு திருவிழா வருகிறது. அங்கே ஒரு பெண்மீது நாம் மோத, அவளுடைய பதக்கம் தெறித்து விழுகிறது. முதலில் அவளிடம் பேசினோமா, பதக்கத்தை எடுத்தோமா, யாரோ வைத்திருந்த சாப்பாட்டைத் தின்றோமா, பூனையைத் தொலைத்த சிறுமியிடம் அதைச் சேர்த்தோமா என்பனவெல்லாம் ஆடுகிற நேரத்தில் அற்ப விஷயங்களாகவே தோன்றும். ஆனால் அந்தப் பெண் ராஜகுமாரி என்று தெரிந்து, அவளைக் கடத்தினோம் என்ற குற்றச்சாட்டுடன் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும்போது, அவை ஒவ்வொன்றும் சாட்சியாக எழுந்து நிற்கின்றன.

அதனினும் என்னை ஆட்கொண்டது, அந்தப் பயணத்தில் நம்மோடு வரும் தோழனான ரோபோ என்ற இயந்திர மனிதனின் கதை. கி.பி. 600-இல், பாலைவனமாகிவிட்ட நிலத்தைக் காடாக்க ஒரு பெண் பாடுபடுகிறாள். அவளுடைய ஆயுள் அதற்குப் போதாது. இயந்திரமான தனக்கு மூப்பில்லை என்று ரோபோ அங்கே தங்கிவிடுகிறான். காலயந்திரத்தில் ஏறி 1000-ஆம் ஆண்டை அடைய நமக்குச் சில விநாடிகள்தாம் ஆகின்றன. அவனுக்கோ நானூறு ஆண்டுகள். மணல் கிடந்த இடத்தில் அடர்ந்த காடு நிற்கிறது; அதன் நடுவே ஒரு வழிபாட்டு மண்டபத்தில், துருவேறி அசைவற்ற அவனுடைய தேகத்தை ஜனங்கள் பூஜ்யமாகக் காத்து வருகிறார்கள். பழுதுபார்த்து எழுப்பியபின், அன்றிரவு நண்பர்கள் நெருப்பு மூட்டி அவனைச் சுற்றி அமர்கிறார்கள்.

இந்த ஆட்டம் இப்போது கைபேசியிலும் கணினியிலும் கிடைக்கிறது. ஆடுகிறவர்கள் அந்த இரவு வந்ததும், பொத்தானை அழுத்தி விரைந்துவிடாமல், ரோபோ பேசி முடிக்கும்வரை இருந்து கேளுங்கள்.