தன்னையே அழித்துக்கொண்ட சர்வர்! ஆள் இல்லாமல் நடக்கும் ஓ.எஸ். இன்ஸ்டாலேஷன் எப்படி வேலை செய்கிறது?

2014 மே மாதம். அமெரிக்காவின் அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகம். லேப்டாப், டெஸ்க்டாப், சர்வர் என்ற வித்தியாசமே இல்லாமல் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் தானாக ஃபார்மேட் ஆகி, விண்டோஸ் 7 இன்ஸ்டால் ஆகத் தொடங்கின.

ஹேக்கர் வேலையா? இல்லை. ஐ.டி. பிரிவின் சிஸ்டத்திலிருந்து தவறுதலாக எல்லா விண்டோஸ் மெஷினுக்கும் போன இன்ஸ்டாலேஷன் அது. விஷயம் தெரிந்ததும் அதை அனுப்பிய சர்வரை அணைத்தார்கள். ஆனா அதற்குள் அந்த சர்வரே ஃபார்மேட் ஆகியிருந்தது!

கம்ப்யூட்டர் முன்னால் யாருமே உட்காராமல் ஓ.எஸ். எப்படி இன்ஸ்டால் ஆகிறது? இவ்வளவு ரிஸ்க் இருந்தும் ஏன் இதைப் பயன்படுத்துகிறார்கள்?

பென் டிரைவ் போதாதா?

வீட்டில் ஒரு லேப்டாப் என்றால் போதும். ஆபீஸில் 200 கம்ப்யூட்டர் வந்து இறங்கினால்? ஒன்றுக்கு அரை மணி நேரம் என்று வைத்தாலே 100 மணி நேரம் ஆகும். அதோடு, கையால் செய்யும்போது ஒரு மெஷினில் ஒரு செட்டிங், இன்னொன்றில் வேறு செட்டிங் என்று மாறிப்போகும். பிறகு எது எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

ஸ்விட்ச் போட்டதும் என்ன நடக்கும்?

இதற்குப் பரவலாகப் பயன்படும் முறை பி.எக்ஸ்.இ. ஐ.டி. ஆட்கள் 'பிக்ஸி' என்பார்கள்.

1. டிஸ்க் காலியாக இருந்தாலும் நெட்வொர்க் கார்டு வேலை செய்யும். "எனக்கு ஒரு ஐ.பி. முகவரி வேணும், எங்கேயிருந்து பூட் ஆகணும்?" என்று நெட்வொர்க்கில் கேட்கும்.

2. டி.ஹெச்.சி.பி. சர்வர் ஐ.பி. முகவரியைக் கொடுக்கும். எந்த சர்வரில் எந்த ஃபைலை எடுக்க வேண்டும் என்பதும் பதிலோடு வரும்.

3. டி.எஃப்.டி.பி. என்ற எளிய முறையில் அந்தச் சின்ன பூட் ஃபைல் இறங்கும். அது இன்ஸ்டாலரை இழுத்து வரும்.

4. இன்ஸ்டாலர் வழக்கமான கேள்விகளைக் கேட்க வேண்டிய நேரம். எந்த மொழி? எந்த டிஸ்க்? பாஸ்வேர்டு என்ன? இங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. முன்கூட்டியே எழுதி வைத்த பதில் ஃபைல்தான் பேசும்.

இந்த ஃபைலுக்கு ரெட் ஹாட், ஃபெடோராவில் 'கிக்ஸ்டார்ட்' என்று பெயர். டெபியனில் 'ப்ரீசீட்', உபுண்டு சர்வரில் 20.04 பதிப்பிலிருந்து 'ஆட்டோஇன்ஸ்டால்'. விண்டோஸில் 'அன்அட்டெண்ட்' ஃபைல். அவ்ளோதான் விஷயம்!

அப்போ சிக்கல் எங்கே?

நீங்கள் கையால் இன்ஸ்டால் செய்யும்போது, "டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?" என்று ஒரு எச்சரிக்கை வரும். அதுதான் பிரேக். தானியங்கி முறையில் அந்தச் சம்மதத்தை முன்பே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். கிக்ஸ்டார்ட்டில் 'கிளியர்பார்ட்' என்ற ஒரே ஒரு வரி போதும், டிஸ்க் காலி. அந்த வரி யாருக்குப் போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எமரியில் பயன்பட்டது மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.சி.சி.எம். மென்பொருள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் இதிலிருந்து உத்தரவு அனுப்பலாம். அன்று அனுப்பிய வேலைப் பட்டியலின் தொடக்கமே டிஸ்க்கைப் பிரித்து ஃபார்மேட் செய்வதுதான்.

இன்னொரு பொறியும் உண்டு. பூட் வரிசையில் நெட்வொர்க் முதலில் இருந்து, சர்வரும் எப்போதும் 'இன்ஸ்டால் செய்' என்றே பதில் சொன்னால், இன்ஸ்டால் முடிந்து ரீஸ்டார்ட் ஆகும் மெஷின் மறுபடியும் முதலிலிருந்து இன்ஸ்டால் ஆகும்.

எப்படித் தடுப்பது?

* தெரியாத மெஷின் பூட் கேட்டால், 'உன் டிஸ்க்கிலிருந்தே பூட் ஆகு' என்பதே வழக்கமான பதிலாக இருக்க வேண்டும். மேக் அட்ரஸ் பட்டியலில் இருக்கும் மெஷினுக்கு மட்டும் இன்ஸ்டாலர். வேலை முடிந்ததும் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

* இன்ஸ்டாலேஷனுக்குத் தனி நெட்வொர்க் ஒதுக்குவது நல்லது. டி.எஃப்.டி.பி.யில் பாஸ்வேர்டு சரிபார்ப்பே கிடையாது.

* பதில் ஃபைலில் பாஸ்வேர்டை அப்படியே எழுதக் கூடாது. ஹேஷ் வடிவில்தான் வைக்க வேண்டும்.

* உபுண்டு ஒரு பிரேக்கை விட்டு வைத்திருக்கிறது. பதில் ஃபைல் இருந்தாலும், பூட் கட்டளையில் 'ஆட்டோஇன்ஸ்டால்' என்ற சொல் இல்லாவிட்டால், டிஸ்க்கைத் தொடும் முன் இன்ஸ்டாலர் நின்று அனுமதி கேட்கும். இந்தச் சொல்லை யோசிக்காமல் எல்லா மெஷினுக்கும் சேர்த்துவிடாதீர்கள்.

* முதலில் ஒரு விர்ச்சுவல் மெஷின், பிறகு நாலைந்து நிஜ மெஷின், அதன்பிறகே மொத்தமாக.

நான் ஐ.டி.யில் இல்லையே, எனக்கென்ன?

உங்கள் ஆபீஸ் லேப்டாப்பும் இப்படி ஒரு சிஸ்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கலாம். 'ரீஇமேஜ் செய்யப்போகிறோம்' என்று மெயில் வந்தால், டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடக்கும் ஃபைல்களை ஆபீஸ் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். மெயில் வராமலும் நடக்கலாம் என்பதற்கு எமரியே சாட்சி. அதனால், முக்கியமான ஃபைல்களை அங்கே வைக்கும் பழக்கத்தை இன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள்.