மாரடைப்பும் சமையல் எண்ணெயும்: பெங்களூரு, தில்லி ஆய்வு கூறுவது என்ன?

பெங்களூரு: மாரடைப்பு செல்வந்தரின் நோய் என்ற எண்ணம் பொய்த்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அன்றாடம் தாளிக்கும் எண்ணெய்க்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை 2004ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு சுட்டிக்காட்டியது. பெங்களூரு செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி, தில்லி எய்ம்ஸ், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் இதனை நடத்தினர்.

மாரடைப்புக்கு ஆளான 350 பேரின் உணவுப் பழக்கம், அந்நோய் இல்லாத 700 பேரின் உணவுப் பழக்கத்துடன் ஒப்பிடப்பட்டது. கீரை மிகுதியாக உண்டோரிடம் அபாயம் குறைவாக இருந்தது. சூரியகாந்தி எண்ணெயில் சமைத்தோரைவிட, ஒமேகா-3 கொழுப்பு அமிலம் கொண்ட கடுகு எண்ணெயில் சமைத்தோரிடமும் அது குறைவாகவே காணப்பட்டது.

நோய் எதிர்ப்பு ஆற்றலின் பங்கு

இரத்தக் குழாயின் சுவரில் கொழுப்பு படியும்போது, கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்கள் அதனை விழுங்கி அங்கேயே தங்கிவிடுகின்றன. அழற்சி நீடிக்கிறது, குழாய் குறுகுகிறது. வனஸ்பதி வழியே உடலில் சேரும் டிரான்ஸ் கொழுப்பு இதற்குத் துணைபோகிறது. எண்ணெய், கொழுப்பு வகைகளில் அதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

அரசின் பொறுப்பு

ஆயினும் விதி மட்டும் போதாது. சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இந்தியா இறக்குமதி செய்கிறது. தமிழக நியாயவிலைக் கடைகளில் மலிவு விலையில் கிடைப்பது பாமாயில். கடலை எண்ணெயில் உள்ளதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நிறைவுற்ற கொழுப்பு அதில் உண்டு. ஏழையின் அடுப்பில் காயும் எண்ணெயை இறக்குமதி வரியும் மானியமுமே முடிவு செய்கின்றன. அம்முடிவில் மக்களின் உடல்நலத்துக்கும் இடம் வேண்டும்.