ஒரே படம், நாலு கோப்பு

மதுரை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: ஹார்டு டிஸ்க்கில் ஒரே சினிமாப் படத்துக்கு நாலு கோப்பு கிடக்கிறது, நகல் தேடும் மென்பொருளை ஓட்டினால் ‘நகல் ஏதும் இல்லை’ என்கிறது. பழுதா?

பழுதில்லை. அத்தகைய மென்பொருள் பெரும்பாலும் கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் சேர்த்து ‘ஹாஷ்’ என்ற நீண்ட எண் ஒன்றை எடுக்கும். எண் ஒன்றானால்தான் நகல். விசிடியிலிருந்து எடுத்ததற்கும் ப்ளூரேயிலிருந்து எடுத்ததற்கும் பைட் கணக்கில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நம் கண்ணுக்குத்தான் அது ஒரே படம். ‘வீடியோ டூப்ளிகேட் ஃபைண்டர்’ போன்ற இலவச மென்பொருள்கள் கண்ணின் வேலையைச் செய்யப் பார்க்கின்றன. படத்தின் சில இடங்களில் ஃப்ரேம்களை எடுத்து, கறுப்பு வெள்ளையாகச் சுருக்கி, எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு என்று ஒப்பிடும். தேட விடுங்கள்; அழிக்கும் வேலையை மட்டும் நீங்களே செய்யுங்கள்.

எனக்குப் பிடித்த வேடிக்கை இதில் ஒன்று உண்டு. ஒரு பிரதி 150 நிமிடம் ஓடும், இன்னொன்று 144. ஆறு நிமிடத்தை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று தோன்றும். ஒரு காட்சிகூடக் குறைந்திருக்காது! சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். இந்தியாவும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் வைத்திருந்த ‘பால்’ தொலைக்காட்சி முறையோ நொடிக்கு 25. மாற்றியவர்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, 24ஐ 25ஆக ஓட்டிவிட்டார்கள். படத்தின் வேகம் நூற்றுக்கு நாலு பங்கு கூடிவிடும். ஒலியைச் சரிசெய்யாமல் விட்டால் பாட்டின் சுருதியும் ஏறும்: ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரத்தில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக. தெரிந்த பாட்டை இரண்டிலும் அடுத்தடுத்துக் கேட்டால் காதே சொல்லிவிடும். ஒன்றுக்கு எழுதிய சப்டைட்டிலை மற்றதில் போட்டால் நேரம் தப்பிக்கொண்டே போவதும் இதனால்தான்.

சரி, எதை வைத்துக்கொள்வது? கோப்பின் பெயரில் 1080 என்று இருப்பதை நம்பாதீர்கள். 576 வரி டிவிடியை ஊதிப் பெருக்கியும் அந்தப் பெயரை வைக்கலாம். ‘மீடியாஇன்ஃபோ’ என்ற மென்பொருளில் திறந்தால் கோடெக் எனப்படும் சுருக்க முறையும் பிட்ரேட்டும் தெரியும். பெரிய கோப்புதான் நல்லது என்றும் இல்லை: 2013இல் வந்த எச்.265 கோடெக், 2003இன் எச்.264 தரும் தரத்தை ஏறத்தாழப் பாதி இடத்தில் தந்துவிடும். அதற்காக இருப்பதையெல்லாம் எச்.265க்கு மாற்றக் கிளம்பிவிட வேண்டாம். எங்கள் வீட்டில் சாதிச் சான்றிதழை ஜெராக்ஸின் ஜெராக்ஸாக எடுத்து எடுத்து, கடைசியில் தாசில்தார் முத்திரை கரும்பொட்டாகிவிட்டது. வீடியோவிலும் அதே கதைதான். இருட்டுக் காட்சியையும் புகையையும் நிறுத்திப் பாருங்கள், கட்டம் கட்டமாக உடையும் பிரதியை அழியுங்கள். படம் ஒன்றிலும் பழைய ஒலி மற்றொன்றிலும் நன்றாக இருந்தால் இரண்டும் இருக்கட்டும். ‘ஜெல்லிஃபின்’ என்ற மீடியா சர்வர் மென்பொருளில் ஒரே ஃபோல்டரில், ஃபோல்டரின் பெயரையே தொடக்கமாக வைத்து, சிறுகோடிட்டு ‘1080’, ‘டிவிடி’ என்று பிரித்தால் ஒரே படமாகக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும்.

கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. நாலு கோப்பும் ஒரே டிஸ்க்கில்! அது போனால் நாலும் போகும். அதைக் காப்புப் பிரதி என்று எப்படிச் சொல்வது? அதைவிட, எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் சினிமாவுக்கு நாலு கோப்பு வைத்திருக்கும் பல வீடுகளில், அப்பா அம்மாவின் கல்யாண விஎச்எஸ் கேசட்டுக்கு ஒரு பிரதிகூட இல்லை. பரண்மேல் ஈரம் பட்டு நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருக்கும். அதை அப்படியே ஓட்டினால் நாடாவும் கெடும், டெக்கும் கெடும். கெட்ட டெக்குக்குப் பதில் புதிது கிடைப்பதும் கடினம்: விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது.

மதுரைக்காரரே, வேண்டாத பிரதிகளை அழித்தால் கிடைக்கும் இடத்தில் முதலில் வீட்டுக் கேசட்டுகளை ஏற்றுங்கள். இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுத்து, அதை அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ கொடுத்து வையுங்கள். ஏற்றியாயிற்றே என்று கேசட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.