1945 அக்டோபரில் திரும்பி வந்த ஒரு மணி நேரம்

நந்திதுர்க் சுரங்கத்துக்குள் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்பதெல்லாம் பெயரளவில்தான் இருந்தன. கோலார் தங்கவயலில் எந்த நேரத்தில் இறங்கினாலும், கீழே இருட்டும் விளக்கும் மட்டுமே இருந்தன. அந்த ஊரும் நாட்டோடு சேர்ந்து ஒருமுறை சூரியனுக்காகக் கடிகாரத்தை மாற்றிக்கொண்டது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 செப்டம்பர் 1 முதல், இந்திய நேரம் ஒரு மணி முன்னே நகர்த்தப்பட்டது. கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்தியிருந்த நேரம் ஆறரை மணி முந்தியது. போர் ஓய்ந்தபின், 1945 அக்டோபர் 15 அன்று பழைய கணக்குக்கே திரும்பினார்கள்.

எதற்காக இந்த ஏற்பாடு? கோடையில் சூரியன் சீக்கிரமே உதித்துவிடுகிறது, மக்களோ தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். கடிகாரத்தை முன்னே வைத்தால் எல்லோரும் ஒரு மணி நேரம் முன்பே எழுந்துவிடுவார்கள், மாலையில் விளக்கேற்றும் வேளை தள்ளிப்போகும். நிலக்கரியை மிச்சப்படுத்த ஜெர்மனி 1916 ஏப்ரல் 30 அன்று இதை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. இலையுதிர் காலம் வந்து பகல் சுருங்கியதும் முள்ளைப் பின்னே வைப்பார்கள். அன்றிரவு ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும். இரவு வேலையில் இருப்பவருக்கு அந்த ஷிப்ட் அவ்வளவுக்கு நீளும்.

லண்டனில் கோடைப் பகல் பதினாறரை மணி நேரத்தைத் தாண்டும், குளிர்காலப் பகல் எட்டு மணியைத் தொடாது. அங்கே இதற்குப் பொருள் உண்டு. தங்கவயல் இருப்பதோ 13 பாகை அட்சரேகையை ஒட்டி. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். அதோடு இந்திய நேரத்தைக் கணிக்கும் தீர்க்கரேகை ஊருக்குக் கிழக்கே இருப்பதால், சூரியன் உச்சிக்கு வர இங்கே சராசரியாக 12 மணி 17 நிமிடம் ஆகிறது. போர்க்காலக் கடிகாரத்தில் அது 1 மணி 17 நிமிடம்! ஜனவரியில் ஏழரை மணிக்குப் பிறகே விடிந்திருக்கும்.

சிக்கனம் என்று பார்த்தாலும், சுரங்கத்துக்கு 1902 முதலே சிவசமுத்திரம் நீர்மின்சாரம் வந்துகொண்டிருந்தது. பூமிக்கடியில் விளக்கு எப்போதும் எரிந்தாக வேண்டியிருந்தது. ஆகவே இந்த மாற்றம் தங்கவயலுக்குப் பொருந்தாத சட்டை.

இன்று இந்தியா ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில்தான் ஓடுகிறது. லண்டனில் உறவினர் உள்ளவர்கள் மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் அங்கே நாலரை மணி வித்தியாசம் ஐந்தரை ஆகிறது. காலையில் போன் செய்பவர்கள் ஒரு மணி நேரம் பொறுத்துச் செய்யுங்கள்.